மரகதத்தை நான் சாகவிடவில்லை, ராத்தா

என் ஸபியா ராத்தாவுக்கு,

கடிதம் எழுத உட்கார்ந்தால் தாளின் தலைப்பில் ஒரு சிலுவை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கும் போட்டேன். அதற்குக் கீழே உங்களுக்கு ஒரு ஸலாமும் எழுதினேன். இரண்டும் ஒரே தாளில் அமைதியாகத்தான் இருக்கின்றன.

இதை நீங்கள் மட்டுமல்ல, ஊரும் வாசிக்கப் போகிறது. இவர் போகும் வாசிகசாலையில் ஒரு மலர் போடுகிறார்களாம். அங்கத்தவர் வீட்டுப் பெண்கள் தாங்கள் வாசித்த புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் எழுதலாமாம். "நீதான் வாய் ஓயாம சொல்லுவியே, எழுது பார்ப்போம்" என்று இவர் தாளும் மையும் வாங்கிவந்து வைத்தார். மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. அபிப்பிராயம் என்றால் அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே, ராத்தா. அக்காவாக வாய்த்த உங்களை விட்டால் நான் வேறு யாரிடம் சொன்னேன்?

நாம் வாசித்த விதத்தை மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தெல்தோட்டையில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். கந்தோரில் வேலை பார்க்கும் இவரைக் கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்தபோது இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த நம் இரண்டு வீடுகளின் பின்வளவுக்கும் நடுவே ஒரு மரக்கதவு. வந்த இரண்டாவது வாரம் அதைத் தட்டினீர்கள். கையில் ஒரு புத்தகம்.

"புள்ள, நீ இஸ்கூலுக்குப் போனவளாமே. கடைக்கு வந்த சாமான் பெட்டிக்குள்ள இது கெடந்திச்சி. என்னா புத்தகம் எண்டு பாத்துச் செல்லு."

அது சென்னையில் அச்சான சமையல் புத்தகம். நாற்பது வகைக் குழம்பு. ஒன்றிலாவது தேங்காய்ப்பால் இல்லை. நான் வாசிக்க வாசிக்க நீங்கள் நாடியில் கை வைத்தீர்கள். "இந்த மனிசன் யாரு? பாலில்லாம நாப்பது கறி ஆக்கிறவன் வீட்டுல ஆரு குந்திச் சோறு தின்னுவா?" என்று கேட்டீர்கள். நம்முடைய முதல் அபிப்பிராயம் அதுதான். இன்றைக்கும் எனக்கு அதில் மாற்றமில்லை.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன். மறுநாளே அந்த நினைப்பு போய்விட்டது. கொழும்பிலிருந்து உங்கள் நாநா, அதுதான் உங்கள் அண்ணன், அனுப்பிய புத்தகத்தை மடியில் வைத்து, அரபு எழுத்தில் எழுதியிருந்த தமிழை மூச்சுவிடாமல் வாசித்தீர்கள். எனக்குப் புரியாத எழுத்து, ஆனால் காதில் விழுந்தது என் பாஷை. உங்களுக்கு என் எழுத்துத் தெரியாது, எனக்கு உங்கள் எழுத்துத் தெரியாது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு நீங்கள் வருவீர்கள். உங்கள் முறை வந்தால் எனக்குத் தையல் வேலை நடக்கும், என் முறை வந்தால் உங்கள் சுளகில் அரிசி சுத்தமாகும். ஆறு வருஷம் அப்படித்தான் வாசித்தோம்.

எவ்வளவு வாசித்தோம்! எனக்கு மிகவும் பிடித்தது, ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஒருவர் தன் பயணத்தைச் சொல்லும் உங்கள் புத்தகம். மக்காவைப் பற்றி நாலு பக்கம், கப்பலில் வாந்தி எடுத்ததைப் பற்றி இருபது பக்கம். "மெய் பேசுற மனிசன்" என்றீர்கள். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். அவருடைய வேதனை முழுவதும் எனக்கு விளங்கியது. அதைவிட உண்மையான புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

துப்பறியும் கதைகளில் நமக்கு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே இன்னான்தான் கள்ளன் என்று சொல்லிவிடுவீர்கள். எப்படி என்று கேட்டால், "தேவையில்லாம நல்லவன் எண்டு எழுதியிரிக்கே, அதுதான்" என்பீர்கள். அதன் பிறகு எனக்கு எந்தத் துப்பறியும் கதையும் ருசிக்கவில்லை. எங்கள் புனிதர்களான அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களை நான் உருகி உருகி வாசிப்பேன். அர்ச்சியசிஷ்டவள் ஒருத்தி பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு வனாந்தரத்துக்குப் போனதைக் கேட்டுவிட்டு, "அவட உம்மா தேடல்லியா?" என்று கேட்டீர்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவளுடைய தாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அன்றிலிருந்து எந்தச் சரித்திரத்தை எடுத்தாலும் நான் முதலில் தாயைத்தான் தேடுகிறேன்.

கடிதம் எழுதும் முறை என்று இவர் ஒரு புத்தகம் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? பிரிந்திருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் மாதிரிக் கடிதத்தை வாசித்தபோது, சுளகு மடியிலிருந்து சரியும்படி சிரித்தீர்கள். அரிசியெல்லாம் சிந்தியது. "இப்பிடி எழுதினா அந்த மனிசன் திரும்பி வரமாட்டான் புள்ள" என்றீர்கள்.

இனி அந்த நாவலுக்கு வர வேண்டும். வராமல் இருக்க முடியுமானால் வரமாட்டேன்.

அதை வாசித்த வருஷம் உங்களுக்குப் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. நாற்பது நாள் நீங்கள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான்தான் வந்து கட்டிலருகே கதிரையைப் போட்டு வாசித்தேன். மரகதம் என்ற பெண்ணின் கதை. புருஷன் வீட்டில் படாத பாடு படுகிறாள். தொடங்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். பாதிக் கதையில் என் பக்கம் திரும்பினீர்கள். கடைசி அத்தியாயத்துக்கு முந்திய நாள் நீங்களாகவே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு, "நாளைக்கு அவளுக்கு நல்லது நடக்கும், நான் செல்றேன்" என்றீர்கள்.

நான் வீட்டுக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தை முன்னதாக வாசித்துப் பார்த்தேன். மரகதம் ஆற்றில் குதித்துச் செத்துப்போகிறாள். அவ்வளவுதான் முடிவு.

மறுநாள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு என் வாய்க்கு வந்ததை வாசித்தேன். ஓடக்காரர்கள் அவளை இழுத்துப் போடுகிறார்கள். அவள் வேறு ஊருக்குப் போகிறாள். அங்கே ஒரு சின்னக் கடை போட்டுப் பிழைக்கிறாள். கையிலிருந்த பக்கங்கள் முடியும் வரைக்கும் இழுத்து இழுத்துச் சொன்னேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடையில என்னா வித்தாளாம்?" என்று கேட்டீர்கள். "பித்தளைச் சாமான்" என்றேன். அடுத்த வாரம் எழுந்து சமையலுக்குப் போனீர்கள்.

அதற்குப் பிறகு அரிசி பார்க்கும்போதெல்லாம் மரகதத்தைப் பற்றிப் பேசுவீர்கள். இப்போது அவள் கடை பெரிதாகியிருக்கும் என்பீர்கள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். உங்கள் மேல் இருந்த அன்பினால் மட்டும்தானா? நான் கட்டிய முடிவை நீங்கள் அவ்வளவு விரும்பியதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது, ராத்தா. அதை உங்களிடம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

தெல்தெனியவில் உங்கள் தங்கை வீட்டுக் கலியாணத்துக்குப் போனீர்கள். பெண்கள் கூடியிருந்த இடத்தில் மரகதத்தின் கதையை, கடைவரைக்கும் சொல்லியிருக்கிறீர்கள். கொழும்பிலிருந்து வந்த உங்கள் மதினி அதே நாவலை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டவர். "ஆத்துல மவுத்தான பொம்புள எப்பிடிக் கடை போட்ட?" என்று கேட்டாராம். கூட்டமே சிரித்ததாம்.

நீங்கள் திரும்பி வந்து பின்கதவில் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. துப்பட்டியைக்கூடக் கழற்றவில்லை.

"செல்லு பிலோமி. அவ மவுத்தாகினாளா, இல்லியா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"உங்களுக்கு அப்ப உடம்பு சரியில்லயே ராத்தா. அதான்…"

"எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. உன்ட கண்ணாலதான் நான் பாத்த. உன்ட கண்ணே எனக்குப் பொய் சென்னா, நான் இனி ஆருக்கிட்டப் போய்க் கேக்குற?"

கதவுக்கு உங்கள் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் நானே எனக்கு வாசித்தேன். ஒரு புத்தகத்தையும் முடிக்கவில்லை. நல்ல இடம் வரும்போது தலையை நிமிர்த்திப் பார்ப்பேன். எதிரே சுவர்தான் இருக்கும். மன்னிப்புக் கேட்டு இரண்டு முறை கடிதம் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் நினைவு வந்தது, உங்களால் அதை வாசிக்க முடியாது. வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி அனுப்புவதா? கிழித்துப் போட்டேன்.

பிறகு மழை பொய்த்தது. மகாவலியில் பாறைகள் தெரிந்தன. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கியது. எல்லா வீட்டிலும் காய்ச்சல் புகுந்தது. இவர் நடுங்கிக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் பிள்ளைக்கும் சுட்டது. கொயினா மருந்து வாங்க நான் வெளியே போக வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தபோது பின்னால் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. கஞ்சிச் சட்டியோடு உள்ளே வந்து, என்னைப் பார்க்காமலே பிள்ளையை வாங்கித் தோளில் போட்டீர்கள்.

"நீ போ. நான் இரிக்கேன்."

ஒன்பது நாள் வந்தீர்கள். பத்தாம் நாள் இவர் எழுந்து உட்கார்ந்ததும் நான் உங்கள் கையைப் பிடித்து, "ராத்தா, அது பொய்தான். என்னைய மன்னிச்சிடுங்க" என்றேன். நீங்கள் கையை விடுவித்துப் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தீர்கள். பிறகு என்னைப் பாராமல் சொன்னீர்கள்.

"நானும் உனக்கு எல்லாத்தையும் வாசிக்கல்ல புள்ள."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நபிமாருட கிதாபு வாசிச்சோமே. மர்யம் ஈச்ச மரத்துக்குக் கீழ குந்தினது வரைக்கும் வாசிச்ச. நீ அழுத. அதுக்குப் பொறகு ஈஸா நபியப் பத்தி வேற மாதிரி வரும், சிலுவையில அவங்க மவுத்தாகல்ல எண்டு. நீ கழுத்துல அதத்தான் போட்டிரிக்காய். உன்ட நெஞ்சு நோகுமெண்டு நாலு பக்கத்தப் புரட்டிட்டேன். தெல்தெனியவில இருந்து வார வழியெல்லாம் உன்னைய ஏசிக்கிட்டு வந்த. கதவப் பூட்டின பொறகுதான் அந்த நாலு பக்கமும் ஞாபகத்துக்கு வந்திச்சி. எட்டு மாசமும் வெக்கத்துலதான் தொறக்கல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது நீங்களா, நானா? இவர் பயந்துபோய்க் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இனி உள்ளதை உள்ளபடி வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். அந்த நாலு பக்கத்தையும் எனக்கு வாசிக்கச் சொன்னேன். "இப்ப ஏலா. தங்கச்சி வீட்டுல நாலு பேரும் படுத்திரிக்காங்க. போய்ட்டு வந்து வாசிக்கிறேன்" என்றீர்கள். தெல்தெனியவுக்குப் போனீர்கள். அவர்கள் நாலு பேரையும் எழுப்பிவிட்டு, காய்ச்சலைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தீர்கள். ஐந்தே நாள். கொயினா கேட்கவில்லை. கடைசியில் உங்களுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா? கையை அழுத்தினீர்கள். அது என் கை என்று தெரிந்துதான் அழுத்தினீர்கள் என்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. இங்குள்ள செய்திகளைச் சொல்கிறேன். கடை முதலாளியான உங்கள் வீட்டுக்காரர் இன்னும் உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கடைப் பக்கம் எழுந்து போய்விடுகிறார். உங்கள் மகள் ஹாஜரா உங்களைப் போலவே முகத்துக்கு நேரே பேசுகிறாள். அவளிடம் போய், "உங்கம்மா எழுத்தை எனக்குச் சொல்லித் தருவியா?" என்று கேட்டேன். "அப்பிடியெண்டா நீங்க ஒங்கட எழுத்த எனக்குத் தாங்க" என்றாள். பின்வளவில் உட்கார்ந்து ஒரு வருஷம் மாற்றிக்கொண்டோம். அவள் மூன்று மாதத்தில் வாசித்தாள். எனக்கு முழு வருஷமும் பிடித்தது. எல்லாம் வலமிருந்து வருகிறதே, என் கண் பழக்கத்தில் இடது ஓரத்திலேயே தொடங்கியது.

போன மாதம் அந்த நாலு பக்கத்தையும் நானே, யார் துணையும் இல்லாமல் எழுத்துக்கூட்டி வாசித்தேன். நெஞ்சு நொந்ததா என்று கேட்பீர்கள். நொந்தது, ராத்தா. பொய் சொல்லமாட்டேன். நான் நம்புவது ஒன்று, அங்கே எழுதியிருப்பது வேறொன்று. அதற்காக என் நம்பிக்கை ஓர் எள்ளளவும் அசையவில்லை. ஆனால் நீங்கள் எதிரே இருந்திருந்தால் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன். நீங்களும் விட்டிருக்கமாட்டீர்கள். பிறகு பிளேன்டீ குடித்திருப்போம். அதை எண்ணித்தான் அழுதேன்.

அக்குறணையிலிருந்து ஹாஜராவுக்குச் சம்பந்தம் வந்து முற்றாகிவிட்டது. நல்ல இடம். மாப்பிள்ளைக்கு வாசிக்கப் பிடிக்குமா என்று விசாரிக்கச் சொன்னேன், யாருக்கும் தெரியவில்லை. போகிற வீட்டில் பேச ஆளில்லாமல் அவள் ஒருநாளும் உட்காரக் கூடாது. மாதம் ஒரு கடிதம் போடுவேன். நான் என்ன வாசித்தேன், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள், எல்லாவற்றையும் எழுதுவேன். என்னுடைய எழுத்தில் அல்ல, உங்களுடைய எழுத்தில். கோழி கிண்டியதுபோலத்தான் இருக்கும், அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். வலமிருந்து தொடங்கி, ஒரு சொல்லையும் மாற்றாமல், ஒரு பக்கத்தையும் புரட்டிவிடாமல் எழுதுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காமல் பின்வீட்டில் வாய்த்த உங்கள் தங்கச்சி,
பிலோமினா