தம்புராட்டி சூடானால்

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் தம்புராட்டியைக் குளிப்பாட்டினேன். முன்புறம் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, பானெட்டைத் திறந்து உள்ளே ஒன்று என்று வழக்கம்போல மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். பதினோரு வயதான காருக்கு இவ்வளவு உபசாரம் வலியசாலையில் வேறு எவர் வீட்டிலும் கிடையாது. அதற்கு அந்த மகாராணி காட்டிய நன்றி: பெட்ரோல் பங்கில் அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், ‘டக்’. அவ்வளவுதான். பின்னால் எட்டு வண்டி ஹாரன். நான்கு சுமை தூக்கும் தொழிலாளிகள் வந்து தள்ளினார்கள், உடனே பிடித்துக்கொண்டது. ஐந்தாமவர் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, பார்த்ததற்குக் கூலி கேட்கவில்லை; இந்த ஊரில் அதுவும் உண்டு.

வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பினேன். சமர்த்தாகக் கிளம்பினாள். கழுதை.

ஏப்ரல் 7

ஆளுக்கொரு வைத்தியம். எதிர்வீட்டு ரேஷ்மி பெட்ரோலில் தண்ணீர் என்கிறாள். என் மகன் அகில் பெங்களூரில் இருந்தபடியே பாட்டரி என்றான். புதிது போட்டேன். சாலைக் கடைத்தெருவில் புளி வாங்கிவிட்டு வந்து திருப்பினால், டக். முப்பது வருடம் மின்சார ஆபீசில் குப்பை கொட்டியும் எனக்குத் தெரிந்த மின்சாரம் பில் மட்டும்தான்.

ஏப்ரல் 9

கரமனையில் பட்டறை வைத்திருக்கும் செல்வின் வந்தான். பாறசாலைக்காரன், கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவன், நாற்பது வயது, பேச்சு குறைவு. பானெட்டுக்குள் வெகுநேரம் பார்த்தான். பிறகு டாஷ்போர்டுப் பிள்ளையாரை நகர்த்தப் போனான், கை முழுக்க கிரீஸ். “ஐயோ, அதத் தொடாதே!” என்றேன். கையை இழுத்துக்கொண்டான்.

“ஆறின வண்டியில என்னத்தப் பாக்க? தள்ளினா எடுக்குதுல்லா, அப்போ பெட்ரோலுக்க குத்தமில்ல. ஸ்டார்ட்டருக்குக் கரண்டு சரியா போவல்ல.” ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 14

விஷு. புது ஸ்டார்ட்டர். கோயில் வாசலில் டக்.

ஏப்ரல் 16

இப்போதெல்லாம் இறக்கம் பார்த்தே நிறுத்துகிறேன். ஊரில் இத்தனை மேடு இருப்பது இத்தனை வயதில்தான் தெரிகிறது. ஸ்ரீவராகத்தில் அக்கா வீட்டுத் தெருதான் சங்கடம், ஒரே சப்பட்டை. எஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே பேசினேன். அவள் கொண்டுவந்த காபியை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே குடித்தேன்.

ஏப்ரல் 17

அகில் போன் செய்தான். “போதும் அம்மா. நடுரோட்டுல நிக்கற வயசா இது? மே மூணு வரேன், வித்துடலாம். ஆட்டோல போ.” ஆளே பார்த்துவிட்டானாம்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? அவன் அப்பா இருந்தவரை அந்த ஸ்டியரிங்கைத் துடைக்க மட்டும்தான் என்னை விட்டார். அவர் போனபின், ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றேன். மூன்று வருடமாக, யாரையும் கேட்காமல் நினைத்த இடத்துக்குப் போகிறேன். அதை எவனோ வந்து வாங்கிக்கொண்டு போவானா? முடியாது. போடா.

நாளை பெரிய வெள்ளி. செல்வின் பட்டறை கிடையாது.

ஏப்ரல் 23

சூட்டோடு பிடிக்க வேண்டும் என்று செல்வினை ஏற்றிக்கொண்டு பொன்முடிக்கு ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவன் கைப்பிடியை விடவே இல்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது, ஜெபம்தான். மேலே டீக்கடையில் அணைத்தேன். திருப்பினேன். டக். அந்தச் சத்தத்துக்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

இறக்கம்தானே, உருட்டலாம் என்றேன். “உருட்டாண்டாம். உருட்டினா ஒண்ணும் தெரியாது.” பானெட்டைத் திறந்து, பாட்டரியின் மைனஸிலிருந்து ஒரு கேபிளை நேரே எஞ்சினில் பிடித்தான். “இப்போ திருப்புங்க.” கிளம்பிவிட்டாள்! கேபிளை எடுத்துவிட்டுத் திருப்பினால், டக்.

பிறகு கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

“அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதிய. பாட்டரிக்க எர்த்து வயரு பாடியில முறுக்கியிருக்குல்லா, ஒரு போல்ட்டு... அதிலயாக்கும் நீங்க பொட்டு வைக்கது.”

எட்டிப் பார்த்தேன். மூன்று வருடத்து வெள்ளிக்கிழமைகள். சந்தனமும் தண்ணீரும் குங்குமமும் கெட்டியாகி, அடியில் பச்சை பூத்து, துரு. கரண்ட் திரும்பி வரும் வழியை நானே அடைத்து வைத்திருக்கிறேன். சூடானால் இன்னும் மோசமாகுமாம். தட்டையாக, நெற்றி மாதிரி இருக்கிறதே என்று நான்தான் அந்த இடத்தைப் பிடித்தேன்.

“இத மொதல்லயே பாத்தியா?”

“பாத்தேன். சாமி காரியம், நான் வேற ஆளு. தொட்டா ஒங்களுக்கு மனசு கஷ்டமாவும்லா. ஸ்டார்ட்டராத்தான் இருக்கணும்னு ஜெபிச்சேன்.”

“அதுக்கு வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?” என்று கத்தினேன். அவன் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வாங்கி நானே சுரண்டினேன். போல்ட்டைக் கழற்றிப் பளபளவென்று தேய்த்து முறுக்கியது அவன். மலையிறங்கும்போது ஐந்து இடத்தில் அணைத்தேன், ஐந்து இடத்திலும் கிளம்பினாள்.

ஏப்ரல் 24

ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘ஐயோ, அதத் தொடாதே!’ என் கையெழுத்துதான். கிரீஸுக்காகச் சொன்னேன் — கிரீஸுக்காக மட்டும்தானா? வெட்கமாக இருக்கிறது.

மே 3

அகிலை விமான நிலையத்திலிருந்து நட்டநடு மத்தியானத்தில் அழைத்து வந்தேன். வழியில் மூன்று இடத்தில் அணைத்தேன்: இளநீருக்கு, வாழைக்காய்க்கு, ஒன்றுக்குமில்லாமல். மூன்றாவதில் அவனுக்குப் புரிந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், காரை வாங்க இருந்த ஆளுக்குப் போன் செய்து, கொடுக்கவில்லை என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னான். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு.

மே 9, வெள்ளி

ஆயில் மாற்றப் போனேன். பொட்டுக்குச் செல்வினே இடம் காட்டினான், வைப்பர் தண்ணீர் டப்பாவின் மூடி. “பிளாஸ்டிக்காக்கும். எவ்வளவு வேணும்னாலும் வைங்கம்மா.”

டாஷ்போர்டில் ஏதோ லொடலொடக்கிறது என்றேன். பிள்ளையாரை எடுத்துத் தரச் சொல்லி என் முகத்தைப் பார்த்தான்.

“நீயே எடு.”

துணியில் கையைத் துடைத்தான். போதவில்லை போல, குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். இரண்டு கையாலும் எடுத்தான். எடுத்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“முன் ஸீட்டில வை. பெல்ட்டும் போட்டு விடு” என்றேன்.

அப்போதுதான் சிரித்தான். போட்டும் விட்டான்.