படகின் மெட்டு

வியாழன் இரவு, நாகப்பட்டினம்

நான் இசையமைக்கும் வீடியோ கேமில், கதாநாயகியின் அண்ணனுடைய படகு கரைக்கு வரும்போதெல்லாம் ஒரே மெட்டு ஒலிக்கும். படகு திரும்பாத கடைசிக் கட்டத்துக்கு மட்டும் புதிதாகச் சோக மெட்டு கேட்கிறார் தயாரிப்பாளர் பிரபு சார். நான் அதே மெட்டைத்தான் மெதுவாக, ஒற்றைப் புல்லாங்குழலில் வைத்திருக்கிறேன்.

இன்று அக்காவை விளையாடச் சொன்னேன். கடைசியில் திரையில் வெறும் கடல். மெட்டு தொடங்கியதும் அவள் கை நின்றுவிட்டது.

"இது படகு வர்ற பாட்டுதானேடி? படகைக் காணோமே."

அத்தான் கடலுக்குப் போயிருக்கும்போது இதை அவளிடம் கொடுத்திருக்கக் கூடாது.

"நிறுத்திடவாக்கா?"

"வேண்டாம். முழுசா கேக்கணும்."

கேட்டு முடித்ததும் அத்தானுக்கு போன் போட்டாள். சிக்னல் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள்.

பிரபு சாருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மெட்டை மாற்ற மாட்டேன்.