இரண்டு ஏரிகளும் தெரியும் இடம்

வேலெஸ்,
மே மாதக் கடைசி

அன்பு மகள் நேவெனாவுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், உடம்பும் சொன்ன வேலையில் பாதியாவது செய்கிறது. நீயும் மருமகனும் குட்டி பிலிப்பும் மெல்போர்னில் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்கிறார், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போது அவர் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருக்கிறார். நான் சமையலறை மேசையில் பயற்றைப் பொறுக்கிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், விரல் மூட்டெல்லாம் வலி.

ஈஸ்டருக்குப் பேசும்போது இந்த ஜூலையில் வருகிறேன், அவசரமில்லாமல் காரில் சின்ன ஊர், ஏரி, பூங்கா என்று சுற்றலாம், அப்பா நீங்களே வழி போடுங்கள் என்றாய். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை எனக்கு இல்லை, அதில் வரைபடம் விரித்துக் கிடக்கிறது, நாங்கள் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். பிரிலெப்பில் ஒரு இரவு, பித்தோலாவில் பூங்காவில் உட்கார்ந்து ஒரு காபி, பிறகு ரேசெனில் உன் ஞானத்தகப்பன் வாங்கேல் வீடு, பிரெஸ்பா ஏரி, அங்கிருந்து மலை ஏறி இறங்கினால் ஓஹ்ரித். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதே இல்லை, அதுவும் காலையில் மட்டும். பிள்ளை களைத்துப்போவான் என்பதால் இப்படி என்று அவர் உன்னிடம் சொன்னார், நீயும் அப்பாவுக்குப் பேரன் மேல் எவ்வளவு அக்கறை என்று சந்தோஷப்பட்டாய். அது பொய், நேவெனா. அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. வெயில் சாய்ந்தால் சாலையின் ஓரம் தெரிவதில்லை. போன மாதம் சந்தையிலிருந்து திரும்பும்போது பூங்கா முனையில் நடைபாதைக் கல் மேலேயே காரை ஏற்றிவிட்டு, "இந்தக் கல்ல எவன்டா இங்க நகத்தி வச்சான்"னு கத்தினார். அந்தக் கல் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அவருடைய ஓட்டுநர் உரிமம் முடிகிறது. கண் டாக்டர் அம்மா நல்ல மாதிரி, மறைக்காமல் சொல்லிவிட்டாள், "மாமா, இந்தக் கண்ண நம்பி நான் இன்னொரு தடவ கையெழுத்துப் போட மாட்டேன்"னு. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். என் தலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், சொல்லிவிட்டேன். அவர் கார் ஓட்டும் கடைசிக் கோடை இது.

போன கோடை நடந்ததை உன்னிடம் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. நாங்கள் முந்தியே கிளம்பி வழியில் இரண்டு இரவு தங்கி, உன்னை ஓஹ்ரித் விமான நிலையத்தில் அழைத்துக்கொண்டு வாங்கேல் வீட்டுக்குப் போவதாகத்தானே ஏற்பாடு. பக்கத்து வீட்டு லென்சே, போகிற வழி தண்ணீர் மாதிரி தடங்கல் இல்லாமல் இருக்கட்டும் என்று காருக்குப் பின்னால் ஒரு ஜக் தண்ணீரை ஊற்றிவிட்டு "நேவெனாவக் கேட்டேன்னு சொல்லுக்கா"ன்னு கையசைத்தாள். கார் தெருமுனை திரும்பவில்லை, உன் போன். ஆபீசில் விடவில்லை, அடுத்த வருஷம் கண்டிப்பாக என்று அழுதாய். காரைத் திருப்புங்கள் என்றேன் நான். அதற்கு இந்த மனுஷன், விரதமும் இருக்காத, கோயில் பக்கமும் போகாத இந்த மனுஷன், "தண்ணி ஊத்தியாச்சு ஸ்லாவ்கா. அது காயறதுக்குள்ள அதையே மிதிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள போனா நல்லதா? இனி போய்த்தான் ஆகணும்" என்றார். சரி, மூன்றாம் நாள் காலையிலாவது வாங்கேலுக்குப் போன் பண்ணுங்கள் என்றால், "மீன வெட்டியிருப்பான், இனிமே சொல்லி அது என்ன நீந்தவா போவுது" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாங்கேலும் மென்காவும் உனக்காக அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுத் திரை தைத்து, பிரெஸ்பா ஏரியின் பெரிய மீனை வாங்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து கேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கியதும் மென்கா காரின் பின் சீட்டைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து மறுபடியும் குனிந்து பார்த்தாள். வாங்கேல்தான் சமாளித்தான், "என்னடா ப்ளாகோயா, எம்பொண்ண டிக்கியில போட்டு வச்சிருக்கியா? தொறந்து விடுடா, மூச்சு முட்டப்போவுது." உன் அப்பா சிரித்தார். அவ்வளவு பெரிய மேசையில் எங்களுக்கு வைத்ததையும் தின்றார், உனக்கென்று எடுத்து வைத்ததையும் தின்றார், மிச்சம் வைத்தால் உன்னைக் குறை சொல்வார்கள் என்று. இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நீ ஓட்டலில் தங்கலாமே என்று சுலபமாகக் கேட்கிறாய், இந்த வீட்டைத் தாண்டிப் போய் ஓட்டலில் எப்படியம்மா படுப்பது?

வயிறு சரியாகிக் கிளம்பியபோதும் மலைப் பாதையில் ஏறவில்லை. உச்சியில் ஒரு திருப்பத்தில் நின்றால் இந்தப் பக்கம் பிரெஸ்பா, அந்தப் பக்கம் ஓஹ்ரித், இரண்டு ஏரியும் ஒரே பார்வையில் தெரியுமே, அங்கே பிலிப்பைத் தோளில் தூக்கி வைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அவருக்கு எல்லாம். "அத நேவெனா வந்ததும் பாத்துக்கலாம்" என்று கீழே சுற்றுப் பாதையிலேயே ஓஹ்ரித்துக்கு ஓட்டிப்போனார். அந்த மலை வளைவுகளில் அவர் இனிமேல் ஓட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நான் ஓட்டட்டுமா என்றால் "நீ காய்கறி வண்டிய ஓட்டு, போதும்" என்கிறார். நீ வந்தால் கேட்டுக்கொண்டு நிற்காதே, மலை அடிவாரத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிடு. உன்னிடம் சண்டை போட மாட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது, நேவெனா. மூன்று கோடையாக மெத்தையை வெயிலில் போட்டு எடுக்கிறேன், தொட்டிலுக்கு விரிப்பு தைத்தேன், இப்போது பிலிப் தொட்டிலில் கொள்ள மாட்டான். உனக்கு வேலை இருக்கிறது, தூரம் இருக்கிறது, எனக்குப் புரியாமல் இல்லை, உன் மேல் கோபமும் இல்லை. கோபப்படக் கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது. ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மென்கா போன் செய்து, "எப்ப வர்றா நம்ம பொண்ணு, சுண்ணாம்பு அடிக்கணும்ல, சொல்லுங்க" என்று கேட்டாள். போன வருஷம் ரொட்டிக் கடையிலும் பஸ் நிலையத்திலும் எதிரே வந்தவனையெல்லாம் நிறுத்தி என் பெண் வருகிறாள் என்று சொன்னவர், வரைபடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே, "சுண்ணாம்பெல்லாம் வேணாம் மென்கா. பாக்கலாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். இந்த வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை, லென்சேவுக்குக் கூடத் தெரியாது. தினமும் உட்கார்ந்து வழி போடுகிறார், ஆனால் நீ வருவாய் என்று நம்பாமல் போடுகிறார். அவர் கண் போவதை நான் தாங்கிக்கொள்வேன், கையைப் பிடித்து நடத்துவேன். உன்னை நம்பாமல் இருக்க அவர் பழகிவிட்டதை என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் எனக்கு பதில் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய். கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. வருவதாக இருந்தால் டிக்கெட்டை வாங்கிவிட்டு, தேதியைச் சொல், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். வர முடியாதென்றால் அதையும் நேராகச் சொல், எதற்கும் அழாதே, நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். இந்த முறை அந்த மேட்டில் ஏறச் சொல்லப்போகிறேன், நான் பக்கத்தில் உட்கார்ந்து சாலையின் ஓரத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டே வருவேன். இரண்டு ஏரியையும் அவர் பார்த்தாக வேண்டும், யார் வந்தாலும் வராவிட்டாலும்.

குளிர் தொடங்கியிருக்குமே அங்கே, பிலிப்புக்குக் காதை மூடித் தொப்பி போடு. அவனிடம் நம் மொழியில் பேசு, தாத்தாவிடம் ஜாடையில் பேசும்படி விட்டுவிடாதே. கடவுள் உன் குடும்பத்துக்கு ஆரோக்கியமும் உனக்குக் கொஞ்சம் ஓய்வும் தரட்டும். அடிக்கடி சொல்லி அலுக்கவைக்கிறேன் என்றாலும் இன்னொரு முறை சொல்கிறேன், போன் எடுத்ததும் உனக்கு எது வேண்டுமானாலும் வாயில் வரட்டும், பார்க்கலாம் என்பது மட்டும் வர வேண்டாம். அதைத்தான் அவர் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன்னை முத்தமிடும் அம்மா,
ஸ்லாவ்கா