கெரிகன் வராத வரிசை

ஏரிக்கரை வீடு
பிப்ரவரி 21, 1979

அன்புள்ள வாரனுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை. நீயும் ரூத்தும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம், ஆனால் நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று இப்போதைக்கு விரும்பவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால், எதுவும் பேசக்கூடாது என்று உங்கள் கல்லூரி வக்கீல் சொன்னதையே எனக்கும் சொல்வாய் என்பதால் எழுதுகிறேன்.

டேல் லாட்டி இறந்த செய்தி உனக்கு எட்டியிருக்கும். இம்மாத முதல் வெள்ளிக்கிழமை, நம் ஊர் அணியோடு நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் உன் கல்லூரி அணியின் கெரிகன் பின்னாலிருந்து மோத, டேல் தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் தலை இடித்து விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் ஆட்டம் முடிந்து இரு அணிகளும் கைகுலுக்க வரிசையில் நின்றபோது கெரிகனை மட்டும் நீ உடைமாற்றும் அறையில் இருத்திவிட்டாய். அந்த மோதலுக்காக அவனுக்கு ஆடத் தடை என்றால் வரிசையில் நிற்கவுமா தடை? ஆட முடியாதபோதும் கால் கட்டோடு, சாதாரணக் காலணியோடு பனித்தளத்தில் வந்து நின்றவர்களை நீ இந்த ஊரிலேயே பார்த்து வளர்ந்தவன். டேலோடு அதே அணியில் ஆடும் அவன் அண்ணன் ஆர்வோ வலக்கை உறையைக் கழற்றிக்கொண்டு, "அவன வரச் சொல்லுங்க கோச், நான் இங்கயே நிக்கிறேன்" என்றான். நீ அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாய். அடிக்கத்தான் நிற்கிறான் என்று நினைத்திருப்பாய். அதற்காக உன்னைக் குறைசொல்ல மாட்டேன், அரங்கில் பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் எழுந்து போகாமல் இருந்தார்கள். விளக்குகளை அணைக்கும்வரை அவன் அசையவில்லை.

போன வாரம் நுரையீரலில் இரத்தம் கட்டி டேல் போய்விட்டான். இந்தச் சனிக்கிழமை இறுதி வழிபாட்டின்போது அணிப் பையன்கள் தேவாலயப் படிகளின் இருபுறமும் அந்தக் குளிரில் கையுறை இல்லாமல் நின்றார்கள். கல்லூரிப் பெயர் பொறித்து நீ அனுப்பிய மலர்வளையத்தை டேலின் தாய் வாசலில், எல்லோருடைய பனிக்காலணிகளுக்கும் பக்கத்தில் வைத்தாள்.

பள்ளியில் என்னிடம் படித்த ஆர்வோ நேற்று என் சமையலறைக்கு வந்தான். நீ அவன் அழைப்பை எடுப்பதில்லையாம். அடிபட்ட மறுநாள், இரண்டாவது ஆட்டத்தன்று காலை, மருத்துவமனையில் டேல் அவனிடம் சொன்னது இது: "கடைசி நொடியில நான்தான் திரும்பி முதுகக் காட்டிட்டேன். அந்த வேகத்துல அவனால நிறுத்தியிருக்க முடியாது. வரிசையில கையப் புடிச்சு அவன்கிட்ட சொல்லிடு." தபாலில் அனுப்பலாமே என்றேன். "கையப் புடிச்சுன்னு சொன்னான் டீச்சர்" என்றான். காப்பியைத் தொடவில்லை.

நீ இதைப் படித்துவிட்டதால் நீயே சொல்லிவிடலாம் என்று எண்ணாதே. இது உன் வாயால் போக வேண்டிய சேதி அல்ல. தனக்கு ஒரு சேதி காத்திருக்கிறது என்று மட்டும் கெரிகனிடம் சொல். அவன் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று ரூத் எழுதியிருந்தாள்.

மண் உறைந்து கிடப்பதால் டேலை மே மாதத்தில்தான் புதைப்பார்கள், அன்று அணி மறுபடி வரிசையில் நிற்கும். அதற்குமுன் கெரிகனை அழைத்து வந்தால் இன்னும் நல்லது. ஆர்வோ கை கொடுப்பானா என்று கேட்பாய், நானும் கேட்டேன். "தெரியல டீச்சர். அவன் முன்னால வந்து நின்னாத்தான் எனக்கே தெரியும்" என்றான்.

உனக்கும் ரூத்துக்கும் என் ஆசிகள். கார் எடுத்து வருவதானால் பாலத்தில் காற்று பலமாக இருக்கும், மெதுவாக வா. கெரிகன் இல்லாமல் வருவதானால் வரவேண்டாம்.

உன் தாய்,
லெம்பி ஓயாலா