ஒன்பதாம் நம்பர் விளக்கும் உன் அப்பாவும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அரங்கத்தில் தொங்கும் நாற்பது விளக்குகளில் முப்பத்தொன்று சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், உன் இருமல் போனதா என்று எழுது, போகவில்லை என்றால் டாக்டரைப் பார், கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொண்டு உட்காராதே. நானும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை என்று உன் அத்தை உனக்குப் போன் போட்டு மூக்கைச் சிந்தினாளாமே. முப்பது வருஷம் கழித்து என் தம்பிக்கு ஒரு நல்ல காலம் வந்தது, அதையும் உங்கம்மா இருட்டாக்கிட்டா என்றாளாம். அவள் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள், மீதியையும் கேட்டுவிட்டு அப்புறம் என்மேல் பாய்.

எங்கள் அரங்கத்துக்கு ஐம்பது வயதானதை விழாவாகக் கொண்டாட நிர்வாகக் குழு முடிவெடுத்தது. விளக்குகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். இருபத்தாறு வருஷமாக ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டி, செத்ததைப் பிரித்து இருப்பதை ஒப்பேற்றிக்கொண்டு வருகிறவள் நான். பல்பு மாட்டும் இடமெல்லாம் கருகிவிட்டது, வயரின் மேலுறை சூட்டில் காய்ந்து தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது என்று எழுதிக்கொடுத்தேன். குழு மூன்று முறை கூடியது, பிஸ்கட் தின்றது, விளக்குகள் பழசாகத் தெரிகின்றன என்பதை ஒருமனதாக ஒப்புக்கொண்டது, ஆகவே நாற்பதுக்கும் வெள்ளிப் பெயின்ட் அடிக்க உத்தரவு போட்டது. நான் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்த இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது. பெயின்டர் நல்ல மனுஷன், கை அப்படிச் சுத்தம். சூடு வெளியே போக விளக்கின் முதுகில் ஓட்டைகள் இருக்குமே, ஒன்று விடாமல் அடைத்திருந்தார். விளக்கைத் திருப்பும் திருகுகள் பெயின்டில் ஊறி இறுகிப்போயிருந்தன. விழா அன்று காலை நான் சுவிட்சைப் போட்டதும் நாற்பதும் சேர்ந்து புகைந்தன. செயலாளர் ஓடி வந்து, புகை வர்ற மாதிரி பண்ணிட்டீங்களா, பிரமாதம் என்று கை தட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு ஏணியை அவர் தலையில் போட்டிருப்பேன்.

இன்னொன்றையும் கேள். விளக்கு கழன்றாலும் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்புச் சங்கிலி உண்டு. அதைக் காணோம். கேட்டால், போட்டோவில் அசிங்கமாகத் தொங்குகிறது என்று கழற்றி, துண்டு துண்டாக வெட்டி, விருந்தாளிகளுக்கு நினைவுப் பரிசாகச் சாவிக்கொத்து செய்துவிட்டார்களாம். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், வெல்வெட் டப்பாவில். தலையில் அடித்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு விளக்காக ஓட்டைகளைச் சுரண்டி, தொங்கும் கொக்கியை ஆட்டிப் பார்த்து, துணைக்குக் கம்பி போட்டுக் கட்டினேன். பழசானாலும் கொக்கிகள் திடமாகத்தான் இருந்தன, மேடை நடுவில் தொங்கும் ஒன்பதாம் நம்பரைத் தவிர. அதன் கொக்கியில் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதே என்று சுரண்டினேன், உள்ளே சுவருக்குப் பூசுகிற பட்டி வந்தது, பட்டியைச் சுரண்டினேன், கொக்கியின் பாதி வரைக்கும் விரிசல். கீழே நின்ற பெயின்டர் பெருமையாக, ஆமாம்மா, அங்க ஒரு பிளவு இருந்துச்சு, நான்தான் அடைச்சு நைஸா தேய்ச்சுவிட்டேன் என்றார். அந்த விளக்கு பதினாலு கிலோ.

குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பது வருஷமா விழாதது இன்னிக்குப் பார்த்தா விழப்போகுது என்று சிரித்தார். உங்க வரவேற்புரை மைக் அதுக்கு நேர் கீழேதான் இருக்கு என்று நான் சொன்னதும் மேலே ஒரு பார்வை பார்த்தார். வெளிச்சம் கண்ணைக் கூசுது, மைக்கைப் பத்தடி தள்ளி வைங்க என்றார். அந்த விளக்கு அப்போது எரியவே இல்லை. குழு உறுப்பினர்களின் நாற்காலிகளும் மைக்கோடு சேர்ந்து நகர்ந்தன, பதினோரு பேரும் மேடையின் ஒரு ஓரத்தில் முழங்கால் இடிக்க உட்கார இடம் பார்த்துக்கொண்டார்கள். அப்போ நாடகத்துல நடிக்கிறவங்க என்று கேட்டேன். அவங்க நடமாடிக்கிட்டேதானே இருப்பாங்க என்று ஆறுதல் சொன்னார்.

நடமாடாமல் நிற்கப்போவது யார் என்று உனக்குத் தெரியும். தபால்காரன், காவல்காரன், இரண்டாம் காட்சியில் பிணம் என்று இத்தனை வருஷம் வந்துபோன உன் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் கதாநாயகன் வேஷம். மூழ்கும் கப்பலை விட்டு இறங்க மாட்டேன் என்று நிற்கும் கப்பல் தலைவன். கடைசிக் காட்சியில் மேடை நடுவில் ஏழு நிமிஷம் அசையாமல் நின்று ஒரு வசனம், மற்ற விளக்கெல்லாம் அணைந்து ஒன்பதாம் நம்பர் மட்டும் அவர் முகத்தில். ஆறு மாதமாக அந்த வசனத்தைக் குளியலறையில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஒப்பனை அறைக்குப் போனேன், பாதித் தாடி ஒட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைப் பார்த்தபடியே, கம்பி போட்டுக் கட்டி வையேன் என்றார். கம்பி துணைக்குத்தான், கொக்கியே போன பிறகு கம்பியில் தொங்கவிட நான் என்ன துணியா காயப்போடுறேன் என்றேன். மீதித் தாடியைக் கீழே வைத்தார். இன்னிக்கு ஒரு நாள் தொங்காதா என்று கேட்டார். குட்டிம்மா, அந்த மனுஷன் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதே கிடையாது.

நான் ஏறிக் கழற்றி இறக்கிவிட்டேன். வேறு விளக்கு மாட்ட உபரிக் கொக்கி இல்லை, மற்றவை பெயின்டில் இறுகி, தொங்கும் இரும்புக் குழாயை விட்டு அசையவில்லை. ஓரத்து விளக்குகள் இரண்டை மட்டும் நெம்பி நடுப்பக்கம் திருப்பினேன், அவற்றின் வெளிச்சம் அவர் மார்புக்கு மேலே எட்டவில்லை. ஏழு நிமிஷமும் ஜனங்கள் பார்த்தது அவர் சட்டைப் பித்தான்களை. முகம் இருட்டில். குரல் மட்டும் கணீரென்று வந்தது, ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம். மறுநாளே, முக்கியக் காட்சியில் மேடையை இருட்டாக்கியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. மூன்றாம் நாள், வந்த விருந்தாளிகளில் ஒருவர் அந்த இருட்டு துணிச்சலான புதுமை என்று பாராட்டிக் கடிதம் எழுதினார். உடனே மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அந்த யோசனை தன்னுடையது என்று செயலாளர் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார், அடுத்த நாடகத்துக்கும் இருட்டு கேட்டிருக்கிறார். பித்தான்களை யாரும் பாராட்டவில்லை. அப்பா வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார், என்னிடம் வாயைத் திறக்கவில்லை. பதினோரு நாள். உப்பு வேண்டும் என்றாலும் சுவரைப் பார்த்துக் கேட்டார். நானும் யோசித்துக்கொண்டே இருந்தேன். தொங்கியிருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் தோன்றுகிறது என்பதை நம்பி அவர் தலைக்கு மேலே பதினாலு கிலோவை விட என்னால் முடியவில்லை.

இன்னொரு அரங்கத்து விளக்குக்காரர் தன்னிடம் சும்மா கிடந்த கொக்கியையும் சங்கிலியையும் கொடுத்தார். நேற்று விடுமுறை, அரங்கத்தில் ஆள் இல்லை, ஒன்பதாம் நம்பரைத் திரும்ப மாட்டினேன். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும், உனக்கே தெரியும், சின்னதில் நீ எத்தனை நாள் நின்றிருக்கிறாய். சமையலறைச் சுவரைப் பார்த்து, வேலைக்கு ஓர் ஆள் வேணும் என்று நானும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நடுவில் போய் நின்றார். நான் சுவிட்சைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். முகம் பளிச்சென்று தெரிந்தது, நரைத்த புருவம் வரைக்கும். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, ஆரம்பித்துவிட்டார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நானூறு பேருக்குப் போடுகிற குரலில், கப்பல் பாதி மூழ்குகிற இடம் வரைக்கும் வந்து, நிறுத்தி, ஏணி மேலே இருந்த என்னைப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் இருட்டா இருக்கு, பாரு என்றார். பதினோரு நாள் கழித்து வந்த முதல் வார்த்தை. திருப்பினேன். சரியா என்றேன். ம் என்றார். விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், பழைய வயரைத் தொடும்போது செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல் மாப்பிள்ளையை. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு, அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லி நீயாகக் கேள், ஏழு நிமிஷமும் இருந்து கேள், நடுவில் வேலை இருக்கிறது என்று ஓடாதே. முகம் தெரிகிற மாதிரி உட்கார வைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா