293-ஆல் நான் வகுக்கவே இல்லை

என் செல்லம் செல்விக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் எண் உடைந்துவிட்டது. உடைத்தது நான்தான்.

சம்பா அறுப்பு முடிந்தது. நேற்று திருக்காட்டுப்பள்ளி ரோட்டோரம் நெல்லைக் காயப் போட்டுவிட்டு ஆடு விரட்டிக்கொண்டிருந்தேன். பையில் அந்தக் காலண்டர் தாள்கள் இருந்தன. போன வருஷம் தஞ்சாவூரில் உனக்கு டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரமும் நாம் கணக்குப் போட்ட அதே தாள்கள்.

நீ பி.எஸ்சி. கணக்கு படித்த நாத்தனார். நான் பத்தாவதோடு நின்றவள். வகுத்தல் தெரிந்தால் போதும் என்று என்னையும் கூட்டுச் சேர்த்தாய். 10,00,009. "பாத்தாலே எதாலயும் வகுபடாத மூஞ்சி அண்ணி இது" என்றாய். அது பகா எண்தானா என்று அறிய, ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம். போனில் கேட்டால் ஒரு நொடி வேலை என்றேன்.

"போன் சொன்னா போனுக்குத் தெரியும். நமக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க."

முந்நூறு வரை அறுபத்திரண்டு எனக்கு. மீதி நூற்றாறும் உனக்கு. ஊசி ஏறிய கையை அசைக்காமல் மற்ற கையால் எழுதினாய். ஏழால் வகுத்தால் மீதி மூன்று, பதின்மூன்றால் பத்து என்று நானும் போட்டுக்கொண்டே வந்தேன். என் பங்கில் கடைசி எண் 293. அதற்கு வரும்போது, வயலுக்கு அறுப்பு மெஷின் வந்துவிட்டதென்று உன் அண்ணன் போன் செய்தார். வகுக்காமலே டிக் போட்டுத் தாளை நீட்டிவிட்டேன். அறுபத்தொன்றும் வகுக்கவில்லை, இது மட்டும் வகுத்துவிடுமாக்கும் என்ற தெனாவட்டு.

உன் நூற்றாறும் வகுக்கவில்லை. பகா எண்தான் என்று நர்ஸ்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாய். பேச்சு குறைந்துபோன கடைசி வாரத்திலும் என் கையைப் பிடித்து, "நம்ம நம்பர யாராலயும் உடைக்க முடியாதுல்ல அண்ணி" என்றாய். நான் தலையாட்டினேன்.

நேற்று நெல்லைக் கிளறிவிட்டு, விட்டுப்போன அந்த ஒரு வகுத்தலைப் போட்டேன். கடைசி வரியில் 879 வந்தது. கழிக்க வேண்டியதும் 879. மீதி பூஜ்யம். 293-ஐ 3,413-ஆல் பெருக்கினால் உன் எண். மூன்று தடவை சரிபார்த்துவிட்டு அழுதேன். அதற்குள் இரண்டு ஆடுகள் நெல்லில் வாய் வைத்துவிட்டன.

எண் பகுபடும் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் தலையாட்டும்போது அந்த டிக் ஞாபகத்தில் இருந்தது. மன்னிப்புக் கேட்பது அதற்குத்தான். அன்றே சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பாயா? இல்லை, உடைந்ததைப் பார்த்து இன்னும் அதிகமாகக் குதித்திருப்பாயா?

இப்போது 10,00,003-ஐ எடுத்திருக்கிறேன். போனைக் கேட்கவில்லை. இன்று காலை 89 வரை வந்தாயிற்று, இதுவரை எதுவும் வகுக்கவில்லை. உன் நூற்றாறையும் நானே போடுவேன். யார் கூப்பிட்டாலும் 293-ஐ முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இனி வகுத்த பிறகே டிக் போடும்,
உன் அண்ணி