பைக்குழல் திருத்த டோனல் வருவார்

இஞ்சாருங்கோ,

இரவு வேலையாலை வந்து நித்திரை கொள்ளுறியள், அதாலை எழுப்பேல்லை. உங்கடை ஐரிஷ் பைக்குழலைத் திருத்த டோனல் மத்தியானம் வருவார். வாசல் மணி வேலை செய்யாது, கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறன். புட்டு மேசையிலை மூடிக்கிடக்கு. அவருக்குச் சொதியை விடுங்கோ, குழம்பு உறைக்கும்.

நேற்றுக் கோவத்திலை, "உந்தக் குழலைக் கீழறையிலை கொண்டுபோய்ப் போடுங்கோ" எண்டனான். நீங்களும் வேலைக்குப் போகேக்கை அங்கை வைச்சிட்டுப் போயிட்டியள். அந்தக் குளிருக்கு மரம் வெடிச்சால்? விடிய நான்தான் போய் எடுத்தனான். பெட்டி பாரம். குழலை மட்டும் அணைச்சுக்கொண்டு படியேறினன். வெளியிலை பனி கொட்டி, எங்கடை குரோருட் ஊரையே காணேல்லை. ஒரு சத்தமில்லை. காத்தடிக்கிற துருத்தி என்ரை கையுக்கை அமுங்க, பை ஓட்டையாலை காத்து மெல்ல வந்தது. நித்திரையிலை நீங்கள் விடுற மூச்சுத்தான். கொஞ்ச நேரம் படியிலையே இருந்திட்டன்.

குழலுக்கை சத்தம் எழுப்புற சீவாளி காய்ஞ்சுபோச்சு எண்டியள். ஈரம் பிடிக்கட்டுமெண்டு குழலைக் குளியலறையிலை வைச்சிருக்கிறன். ஹீட்டருக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ.

மலர்

பி.கு: ஓட்டையை அடைச்சால் அந்த மூச்சும் நிண்டிடுமோ எண்டு டோனலைக் கேளுங்கோ. நிக்குமெண்டால், நான் வருமட்டும் அடைக்க வேண்டாம்.